கணிப்பொறிக் கல்விக்கும் அகரமே முதல்!

பள்ளிப் பிள்ளையின் விரல் கணிப்பொறியின் விசைப்பலகையில் முதன்முதலாகத் தொடும் எழுத்து எது? தமிழ் அகரமா? ஆங்கில ‘ஏ’யா? சிறு கேள்விபோல் தோன்றும் இதனுள்தான் வருகின்ற தலைமுறையின் மொழிவாழ்வே அடங்கிக் கிடக்கின்றது. தொடக்கப் பள்ளிக்கும் நடுநிலைப் பள்ளிக்கும் கணிப்பொறிப் பாடத்திட்டம் வகுக்கப் புகுவார் எவராயினும், முதற்கண் இதற்கு விடை சொல்லிவிட்டே மேற்செல்லுதல் வேண்டும். விடை சொல்லாது செல்வாராயின், ஆங்கிலத்தையே விடையாகக் கொண்டார் என்பதே பொருள்.

அத்திட்டங்கள் இன்று ஒன்றன்பின் ஒன்றாய் விரைந்து வருகின்றன. நிரலெழுதும் பயிற்சியை நடுநிலை வகுப்புகளிலேயே தொடங்க வேண்டுமென நடுவணரசின் 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை கூறியது. 2026-27 கல்வியாண்டிலிருந்து மூன்றாம் வகுப்பு முதற்கொண்டே செயற்கை நுண்ணறிவு கற்பிக்கப்பெறும் என்று 2025 அக்டோபரில் அவ்வரசு அறிவித்தது. தமிழ்நாட்டரசும் 2025-இல், ஆறு முதல் ஒன்பது வரையுள்ள வகுப்புகட்குச் செயற்கை நுண்ணறிவையும் எந்திரனியலையும் இணையக் கருவிகளையும் கற்பிக்கத் திட்டமொன்றைக் கொணர்ந்தது. நோக்கம் நன்று, அரசுப் பள்ளிப் பிள்ளைகட்கு இக்கல்வி எட்ட வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்திற்கு இடமில்லை. ஆயின், அத்திட்டத்திற்கு இட்ட பெயரோ ‘டி.என். சுபார்க்கு’! ஆங்கிலச் சொற்களின் தலையெழுத்துகளைக் கூட்டிச் செய்த பெயர்! நெருப்பின் துகளுக்கும் பொறி, இயங்கும் கருவிக்கும் பொறி, அறிவு நுழையும் புலன் வாயிலுக்கும் பொறி என்று ஒரே சொல்லால் மூன்றையும் குறித்து வைத்திருக்கும் மொழியில், அறிவுப்பொறி மூட்ட வந்த திட்டத்திற்குப் பெயர் கிடைத்திலதாம்!

பெயரில் தொடங்கும் அடிமைத்தனம் பெயரோடு நிற்பதில்லை. சிற்றூர்ப் பள்ளியொன்றில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் எட்டு அகவைச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்க்க. தமிழ் நெடுங்கணக்கை அப்பொழுதுதான் அவள் தன் கைவயப்படுத்தியிருக்கின்றாள். கணிப்பொறி அறைக்கு அழைத்துச் செல்லப்படும் அவள்முன் வைக்கப்படுவது, வரிசையின்றிச் சிதறிக் கிடக்கும் இருபத்தாறு ஆங்கில எழுத்துகள். திரையில் ‘பைல்’ என்றும் ‘சேவ்’ என்றும் ‘டெலிட்’ என்றும் எழுதியிருக்கும் சொற்களின் பொருளறியாமல் அவற்றின் இடங்களை மட்டும் அவள் மனப்பாடம் செய்கின்றாள். கற்றது கணிப்பொறியா? இல்லை. எந்த இடத்தைத் தொட்டால் எது நிகழும் என்னும் குருட்டுப் பழக்கத்தையே அவள் கற்றாள். அதைவிடக் கொடிய பாடம் ஒன்றையும் அவள் உடன் கற்றுக்கொள்கின்றாள்: ‘இந்தப் பொறிக்குத் தன் மொழி தெரியாது, தன் மொழி இதன் வாயிற்படிக்கு வெளியே நிற்க வேண்டியது’ என்பதே அப்பாடம். எந்த நூலிலும் அச்சிடப்பெறாத இப்பாடத்தைத்தான் பிள்ளைகள் வாழ்நாள் முழுதும் மறப்பதில்லை.

பொறிக்குத் தாய்மொழி ஏது?

‘கணிப்பொறியின் மொழி ஆங்கிலமே, அதை மாற்ற எவராலும் இயலாது’ என்பார் பலர். இஃது அறியாமை. கணிப்பொறிக்குத் தெரிந்தவை சுழியும் ஒன்றும் என்னும் இரண்டே குறிகள். ஆங்கிலம் அதற்கு எத்துணை அயலோ, தமிழும் அத்துணையே அயல். ஒவ்வோர் எழுத்திற்கும் ஓர் எண்ணைத் தந்து, அவ்வெண்ணைச் சுழியும் ஒன்றுமாக மாற்றித்தான் அது வைத்துக்கொள்கின்றது. ஆங்கிலப் பெரிய ‘ஏ’யின் எண் 65, தமிழ் அகரத்தின் எண் 2949, ககரத்தின் எண் 2965. உலக மொழிகளின் எழுத்துகட்கெல்லாம் எண் வகுக்கும் ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991-இல் வெளிவந்தபொழுதே அதனுள் தமிழும் இடம்பெற்றுவிட்டது. எனவே, பொறி தமிழை மறுக்கவில்லை. பொறியின்முன் பிள்ளையை அமர்த்துவோரே மறுக்கின்றனர்.

பிறநாட்டார் செய்வது யாது? இங்கிலாந்து 2014 செப்டம்பர் முதல் ஐந்து அகவைப் பிள்ளைகட்கே கணிமைப் பாடத்தைக் கட்டாயமாக்கியது. எம்மொழியில்? தன் தாய்மொழியில்! அந்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பார்த்தெழுத விரும்புவோர், அதன் முதன்மையான பண்பாகிய தாய்மொழிக் கல்வியை மட்டும் விட்டுவிட்டு எஞ்சியவற்றையெல்லாம் பார்த்தெழுதுகின்றனர். மக்கள்தொகை பதினான்கு இலக்கத்தையும் எட்டாத எசுத்தோனியா, பள்ளிதோறும் கணிப்பொறியும் இணையமும் கொணரும் திட்டத்தை 1996-இல் அறிவித்தது. இன்று எண்ணிம ஆட்சியில் உலகிற்கே வழிகாட்டி நிற்கின்றது. தன் பள்ளிகளில் எசுத்தோனிய மொழியைக் கைவிடவில்லை. கொரிய விசைப்பலகையில் மெய்யெழுத்துகள் இடக்கைப் புறத்திலும் உயிரெழுத்துகள் வலக்கைப் புறத்திலும் அமைந்துள்ளன; கொரியப் பிள்ளை தன் எழுத்திலேயே தட்டச்சிடுகின்றது. ஏறத்தாழ எட்டுக் கோடித் தமிழர்க்கு மட்டும் இஃது இயலாத செயலா?

முப்பது எழுத்தும் முப்பத்தொரு விசையும்

இயலும். அதற்கான கருவி கால் நூற்றாண்டுக்கு முன்னரே செய்து முடிக்கப்பெற்றுவிட்டது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட ‘தமிழ்99’ விசைப்பலகையே அது.

அதன் அமைப்பை உற்று நோக்குக. எழுத்துகள் முப்பது என வரையறுத்தது தொல்காப்பியம். உயிர் 12, மெய் 18. தமிழ்99 பலகையிலும் உயிர்க்குப் பன்னிரண்டு விசைகள், மெய்க்குப் பதினெட்டு விசைகள், ஆய்தத்திற்கும் புள்ளிக்கும் ஒரு விசை, ஆக முப்பத்தொன்றே! உயிரெழுத்துகள் இடக்கைக்கும், பெரும்பாலான மெய்யெழுத்துகள் வலக்கைக்கும் உரியன. மெய்யையடுத்து உயிரைத் தட்டினால் உயிர்மெய் பிறக்கின்றது. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதன்மேல் புள்ளி தானே அமர்கின்றது. மெல்லினத்தின் பின் அதன் இன வல்லினத்தைத் தட்டினாலும் அவ்வாறே. ‘அம்மா’ என்றெழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டுகள் போதும். வடவெழுத்துகள் வேண்டுமாயின் மேல்விசையை அழுத்தினாலன்றி அவை தோன்றா. இருக்க வேண்டிய இடத்திலேயே அவை இருக்கின்றன!

இலக்கண வகுப்பில் ‘மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய்யாகும்’ என்று ஆசிரியர் சொல்வதை, இங்கே பிள்ளையின் விரல்களே செய்து காண்கின்றன. இனவெழுத்து என்பது யாதென விரல்வழி விளங்குகின்றது. தமிழாசிரியரே கற்பிக்கத்தக்க பாடம் இது. ‘தொடக்கப் பள்ளியில் கணிப்பொறிக்கெனத் தனியாசிரியர் இல்லையே’ என்று கைவிரிப்போர்க்கும் இதிலேயே விடையுள்ளது.

இதற்கு மாறாக, இன்று பரவியிருப்பது ஆங்கில ஒலிப்புவழித் தட்டச்சு. அதே ‘அம்மா’வைப் பெறுதற்குப் பிள்ளை தன் உள்ளத்தில் அச்சொல்லை ஆங்கில எழுத்துகளாக உடைத்து, அவற்றைத் தட்டித் தமிழாக மாற்றப் பெறுகின்றது. ளகரத்திற்கும் ணகரத்திற்கும் றகரத்திற்கும் ஆங்கிலத்தில் எழுத்தில்லாமையால், பெரிய எழுத்தை நாட வேண்டும். ழகரத்திற்கோ இரண்டு எழுத்துகளை ஒட்டுப்போட வேண்டும். ல, ள, ழ வேறுபாட்டிலும் ந, ன, ண வேறுபாட்டிலும் முன்னரே தடுமாறும் பிள்ளையை இம்முறை மேலும் தடுமாறச் செய்யுமா, செய்யாதா? தாயை அழைத்தற்கும் அயலான் எழுத்தின் இசைவு வேண்டி நிற்கும் இவ்விழிநிலையைப் பள்ளியே பயிற்றுவிக்கலாமா?

வகுப்புதோறும் யாது கற்பிப்பது?

குறைசொல்லி ஒழிவது எளிது, வழிசொல்லுதல் வேண்டும். முதல் எட்டு வகுப்புகட்கும் தமிழ்வழிக் கணிப்பொறிக் கல்வியை இவ்வாறு வகுக்கலாம்.

முதலிரண்டு வகுப்புகட்குப் பொறியே வேண்டா. கணிப்பொறிக் கல்வியின் வேர் பொறியன்று. ஒரு செயலைப் படிப்படியாகப் பகுத்து வரிசைப்படுத்தும் எண்ணமுறையே. அதற்குத் தமிழர் வாயிலிலேயே பாடம் இருக்கின்றது. புள்ளிக்கோலத்தின் ஒழுங்குகளை நிரல்மொழி இலக்கணம்போல் விதிகளாக எழுதிக் காட்டலாம் என்று சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்டு சிரோமணியும் அவர்தம் உடனாய்வாளரும் 1974-லேயே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். உலக அறிஞர் ஏற்ற அவ்வுண்மை தமிழ்ப் பிள்ளைக்கு இன்றுவரை பாடமாகவில்லை! கோலமும் பல்லாங்குழியும் புளியங்கொட்டையும் போதும். இவ்வகுப்புகட்கு ஒரு காசும் செலவில்லை.

மூன்றாம் வகுப்பில் தமிழ்99 விசைப்பலகை. வாரம் இரு பாடவேளைகள் இதற்கே ஒதுக்கப்பெறல் வேண்டும். விசைப்பலகை, திரை, சுட்டி, கோப்பு, உறை, கடவுச்சொல் என்று உறுப்புகளின் பெயர்களும் தமிழிலேயே முதலில் பதிய வேண்டும். நான்காம் வகுப்பில் எழுதுதலும் சேமித்தலும் திருத்தலும். தன் ஊரின் குளம், தெரு, வயல் ஆகியவற்றின் பெயர்களையும், பாட்டி சொன்ன கதையையும் பிள்ளை தானே தட்டச்சிட்டுச் சேர்த்து வைக்கட்டும். ஐந்தாம் வகுப்பில் படம் வரைதலும், அட்டவணை அமைத்தலும், தமிழில் தேடிக் கண்டறிதலும். ஆங்கில எழுத்துகளில் பிள்ளை தேறிவிட்ட இந்நிலையில் ஆங்கில விசைப்பலகையையும் கற்பிக்கலாம். அதை எவரும் தடுக்கவில்லை. முறைமாற்றி முன்வைப்பதையே தடுக்க வேண்டும்.

ஆறாம் வகுப்பில் இரும எண்கள். ‘இரண்டிரண்டாகப் பெருக்குவதும் பாதிப்பாதியாகப் பகுப்பதும் பிள்ளைகட்கு விளங்கா’ என்பார்க்குத் தமிழ்க்கணக்கே விடை சொல்லும். அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம் என்று ஒன்றை இரண்டாகவும் நான்காகவும் எட்டாகவும் பதினாறாகவும் முப்பத்திரண்டாகவும் பகுத்துப் பெயரிட்டு வைத்தனர் முன்னோர். இரும முறையின் வாயில் இதுவேயாம். இதனோடு எழுத்திற்கு எண் வகுக்கும் முறையும் கற்பிக்கப்பெறல் வேண்டும். தமிழிலக்கணப்படி ககர மெய்யோடு அகரம் சேர்ந்ததே ‘க’. ஒருங்குறியிலோ ‘க’ முதலாகவும், அதனோடு புள்ளி சேர்ந்த கூட்டே ‘க்’ ஆகவும் தலைகீழாக்கப்பட்டுள்ளது. வடநாட்டெழுத்துகளின் அமைப்பைத் தமிழ்மேல் ஏற்றியதன் விளைவு இது. இக்குறை நீக்கவே ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் தரும் பதினாறு இருமக் குறியீட்டு முறையையும் தமிழ்நாட்டரசு 2010-இல் ஏற்றது. தன் எழுத்துக்கு நேர்ந்ததைப் பன்னிரண்டு அகவைப் பிள்ளை அறிந்துகொண்டால், இருபத்திரண்டு அகவையில் அதைத் திருத்தும் அறிஞனாக அது வளரும்.

ஏழாம் வகுப்பில் நிரலெழுதுதல். முத்து அண்ணாமலை என்பார் ஆக்கிய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழி, தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகட்கென்றே உருவாக்கப்பெற்றுப் பொதுவில் வைக்கப்பட்டுள்ளது. அதில் ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘இல்லை’, ‘முடி’ என்பனவே கட்டளைகள். ஆங்கில நிரலில் நிலைமைச் சொல் முன்னே நிற்கும். எழிலிலோ நிலைமை முன்னும் ‘ஆனால்’ பின்னுமாகத் தமிழ்ச் சொற்றொடரின் நடையிலேயே நிரல் நடக்கின்றது. இதில் ஏரணம் தெளிந்த பிள்ளைக்குப் பின்னர் எந்த அயல்நிரல்மொழியும் கைவரும். எட்டாம் வகுப்பில் தரவும் இணையப் பாதுகாப்பும் செயற்கை நுண்ணறிவின் இயக்கமும். ஊரின் மழையளவையும் சந்தையின் காய்கறி விலையையும் ஓராண்டு தொகுத்து ஆராய்ந்த பிள்ளைக்கு, தரவு என்பது யாதென எவரும் விளக்க வேண்டியதில்லை.

இன்றைய நிலை யாது? 2018-இல் வெளிவந்த பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில், தமிழ்க் கணிமை பற்றிய இயல் இறுதியிலே வைக்கப்பட்டது. அதுவும் அப்பாடத்தை விரும்பி எடுத்தார்க்கு மட்டும்! மூன்றாம் வகுப்பில் அனைவர்க்கும் முதற்பாடமாக வேண்டியது, பதினொன்றாம் வகுப்பில் சிலர்க்குக் கடைப்பாடமாயிற்று.

மறுப்பார்க்கு மறுமொழி

‘வேலை ஆங்கிலத்தில்தானே கிடைக்கின்றது?’ என்பர். வேலை பெறும் அகவை இருபத்திரண்டு. தொடக்கப் பள்ளியின் அகவை ஆறு. ஆறு அகவையில் அறிவு வேர்விட்டால்தான் இருபத்திரண்டில் வேலை கனியும். வேர்விடும் மண் தாய்மொழி.

‘தமிழில் சொற்கள் இல்லையே’ என்பர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், மேலை மருத்துவத்தை 1864 முதல் தமிழிலேயே கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். அதற்கென நூல்களைத் தமிழாக்கினார். உடலைத் திறந்து அறுக்கும் கலையையே அயலார் ஒருவர் தமிழிற் கற்பித்துக் காட்டியிருக்க, விசையைத் தட்டும் கலையைக் கற்பிக்கத் தமிழர்க்குச் சொல்லில்லையாம்! இணையம், மின்னஞ்சல், மென்பொருள், கடவுச்சொல் என்பனவெல்லாம் ஒரு தலைமுறைக்குள் பிறந்து செய்தித்தாள் வரை வந்துவிட்ட சொற்களல்லவா? சொல் வழங்கினால் வாழும். பள்ளியே வழங்க மறுத்தால் எங்ஙனம் வாழும்?

‘வாயாற் சொன்னாலே பொறி எழுதிக்கொள்கின்றதே, விசைப்பலகை எதற்கு?’ என்பார் புதியர். பேசத் தெரிந்த பிள்ளைக்கு எழுதக் கற்பிப்பது எதற்கோ, அதற்கே இதுவும். மேலும், செயற்கை நுண்ணறிவு எழுதிக் குவிந்திருக்கும் உரைகளைக் கற்றே மொழியறிகின்றது. ஆங்கில உரை மலையாய்க் கிடக்கின்றது. தமிழுரை அதன்முன் சிறு குன்று. ஆகலின், பல பொறிகள் தமிழ்ச்சொல்லை ஆங்கிலச் சொல்லைவிட மிகுதியான துண்டுகளாக நறுக்கியே கையாள்கின்றன. இன்றைய பிள்ளை தமிழில் எழுதாதுவிடின், நாளைய பொறிக்குத் தமிழ் வாராது. நாளைய பொறிக்குத் தமிழ் வாராதாயின், மறுநாளைப் பிள்ளை தமிழை நாடாது. இவ்விறங்குபடியின் முதற்படி எதுவென்றால், மூன்றாம் வகுப்பின் விசைப்பலகையே!

தமிழ்ப்பற்றாளர்க்கும் ஒரு சொல்

பழி முழுதும் அரசைச் சார்ந்ததன்று. மேடையில் தனித்தமிழ் முழங்கிவிட்டுக் கீழிறங்கியதும், கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் ‘வணக்கம்’ தட்டும் தமிழ்ப்பற்றாளர் எத்துணையர்! ஒரு பொருளுக்குப் பத்துச் சொல் படைத்து, எதைக் கற்பிப்பது என்று ஆசிரியரைத் திகைக்க வைப்பதும் தொண்டாகாது. கணிப்பொறி, கணினி என்னும் இரண்டுள் ஒன்றையே எட்டு வகுப்புகளின் நூல்களும் ஒருசீராக ஆளுதல் வேண்டும். கலைச்சொல்லாக்கத்தின் வெற்றி அகரமுதலியில் இல்லை. பத்து அகவைப் பிள்ளையின் நாவில் இருக்கின்றது.

இனிச் செய்ய வேண்டுவது யாது? 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிதோறும் பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அக்குழுவின் கூட்டத்தில் ஒவ்வொரு தமிழ்ப் பெற்றோரும் எழுந்து நின்று மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இப்பள்ளியின் கணிப்பொறிகளில் தமிழ்99 நிறுவப்பெற்றுள்ளதா? திரையின் மொழி தமிழாக்கப்பட்டுள்ளதா? இவ்வாண்டு முடிவதற்குள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை தன் பெயரையும் தன் ஊர்ப்பெயரையும் தமிழில் தட்டச்சிடுமா? மூன்றுக்கும் பெருஞ்செலவோ புதுச்சட்டமோ வேண்டியதில்லை. வேண்டுவது முனைப்பு ஒன்றே.

ஓலையும் எழுத்தாணியும் வந்தபோது தமிழ் அவற்றில் ஏறியது. தாளும் அச்சும் வந்தபோதும் ஏறியது. தட்டச்சுப்பொறி வந்தபோதும் ஏறியது. ஒவ்வொரு முறையும் எவரோ சிலர் முன்நின்று ஏற்றினர்; தானாக ஏறியதன்று. இம்முறை ஏற்ற வேண்டிய கை எட்டு அகவைப் பிள்ளையின் கை. அக்கையைப் பிடித்து அகரத்தின்மேல் வைப்பதோ, பிறிதோர் எழுத்தின்மேல் வைப்பதோ, இன்று பாடத்திட்டம் தீட்டுவோர் கையிலும், அதைக் கேட்டுப் பெறவேண்டிய தமிழ்ப் பெற்றோர் கையிலுமே இருக்கின்றது. பிள்ளையின் விரல் காத்திருக்கின்றது. அகரத்தைக் காட்டுக!